அல்லாஹ் மன்னித்தாலும் தீராத கணக்கு: இஸ்லாத்தில் தவ்பா எப்படிச் செல்லுபடியாகிறது?

2025 ஜூலையில் கொலை வழக்கில் ஏமன் நாட்டுச் சிறையில் இருந்த கேரள நர்ஸ் ஒருவரைப் பற்றிய செய்திகள் நம் ஊடகங்களில் நாள் தவறாமல் வந்தன. ஜூலை 16 அன்று நிறைவேற இருந்த மரண தண்டனை கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. கேரள மார்க்க அறிஞர் காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார் ஏமன் நாட்டு மார்க்க அறிஞர்கள் வழியாகப் பேசிப் பார்த்தார். குருதிப் பணம் (கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத் தரும் ஈட்டுத்தொகை), வாரிசுகளின் சம்மதம், மன்னிப்பு என்ற சொற்கள் தினமும் அடிபட்டன.

அதையெல்லாம் வாசித்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வந்திருக்கும். அல்லாஹ் எல்லாப் பாவத்தையும் மன்னிப்பவன் என்றால், இறந்தவரின் குடும்பத்திடம் போய் ஏன் கெஞ்ச வேண்டும்? அப்புறம், குடும்பம் பணம் வாங்கிக்கொண்டு மன்னித்துவிட்டால் கொலைப் பாவமும் அத்தோடு போய்விடுமா?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இஸ்லாத்தில் ஒரு தவறுக்கு ஒரே கணக்கு என்று கிடையாது. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே ஒரு கணக்கு. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே இன்னொன்று. ஒன்றைத் தீர்த்துவிட்டு இன்னொன்றும் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் சொற்கள்

தமிழில் எல்லாவற்றையும் 'பாவமன்னிப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அரபியில் நான்கு தனிச் சொற்கள் உண்டு.

1. தவ்பா: நேர்ப்பொருள் 'திரும்புதல்'. வழி தவறிப் போனவன் வந்த வழியே திரும்புவது. அழுவதோ புலம்புவதோ இந்தச் சொல்லுக்குள் இல்லை.
2. இஸ்திக்ஃபார்: மன்னிப்பைக் கேட்பது. 'அஸ்தக்ஃபிருல்லாஹ்' என்று வாயால் சொல்வது இது.
3. மக்ஃபிரத்: அல்லாஹ் தரும் மன்னிப்பு. இதன் வேர்ச்சொல்லுக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். போரில் அணியும் தலைக்கவசத்துக்கான 'மிக்ஃபர்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பாவத்தை மூடுவதோடு, அதன் விளைவிலிருந்தும் காப்பது.
4. அஃப்வு: துடைத்து அழிப்பது. மணலில் பதிந்த தடம் காற்றில் அழிவதைச் சொல்லவும் அரபியர் இந்த வேரைப் பயன்படுத்துவார்கள். ரமளானின் மகத்துவமிக்க லைலத்துல் கத்ர் இரவில் என்ன கேட்பது என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) கற்றுத்தந்த துஆவில் (பிரார்த்தனையில்) இருப்பது இந்தச் சொல்தான்.

தவ்பா என்ற சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதன் அல்லாஹ்விடம் திரும்புவதற்கும், அல்லாஹ் மனிதன் பக்கம் திரும்புவதற்கும் குர்ஆன் ஒரே வினைச்சொல்லையே பயன்படுத்துகிறது. 'அத்தவ்வாப்' என்பது அல்லாஹ்வின் பெயர்களில் ஒன்று. மொழிபெயர்ப்பில் மனிதனுக்கு 'பாவமன்னிப்புக் கேட்டான்' என்றும் அல்லாஹ்வுக்கு 'மன்னித்தான்' என்றும் போட்டுவிடுவதால், இரண்டு பக்கமும் திரும்புகிறார்கள் என்பது தமிழில் காணாமல் போகிறது.

ஆதமும் இப்லீஸும்

முதல் பாவம் பற்றிய குர்ஆனின் கதையில் தவறு செய்தவர்கள் இரு தரப்பு. இப்லீஸ் என்ற ஷைத்தான் ஆதமுக்குச் சிரம் பணிய மறுத்தான். ஆதமும் அவர் துணைவியும் விலக்கப்பட்ட மரத்தை நெருங்கினார்கள். இரண்டுமே கட்டளை மீறல்தான். பிறகு பேசிய பேச்சில்தான் வேறுபாடு. 'நீ என்னை வழிகெடுத்துவிட்டாய்' என்று அல்லாஹ்வின் மேலேயே பழியைப் போட்டான் இப்லீஸ் (குர்ஆன் அத்தியாயம் 7, வசனம் 16; இனி 7:16 என்ற வடிவில்). 'எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம்' என்றார்கள் ஆதமும் துணைவியும் (7:23). அப்படிச் சொல்வதற்கான சொற்களையும் ஆதம் தன் இறைவனிடமிருந்தே பெற்றுக்கொண்டார் என்கிறது 2:37.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, ஆதமின் தவறு அங்கேயே மன்னிக்கப்பட்டு முடிந்துவிட்டதால், பிறக்கும் குழந்தையின் தலையில் பரம்பரைப் பாவம் என்று எதுவும் ஏறுவதில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). இரண்டாவது, மன்னிப்பு கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையில் குருமார் யாரும் கிடையாது. பள்ளிவாசல் இமாமுக்கு மன்னிக்கும் அதிகாரம் இல்லை, ஷெய்குக்கும் இல்லை. நபிக்கே இல்லை என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்றைக் கீழே பார்க்கலாம்.

தவ்பா செல்லுபடியாக என்ன வேண்டும்?

கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி, 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தொகுப்பின் தவ்பா பாடத்தில் இதைச் சுருக்கித் தருகிறார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிவாசல்களில் பரவலாக வாசிக்கப்படும் நூல் என்பதால் பலருக்கு இது பழகிய பட்டியலாக இருக்கும்.

1. அந்தப் பாவத்தை உடனே விட்டுவிட வேண்டும்.
2. செய்ததற்காக உள்ளம் வருந்த வேண்டும்.
3. இனி ஒருபோதும் அதற்குத் திரும்புவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும்.
4. பாவம் இன்னொரு மனிதரோடு தொடர்புடையது என்றால், அவருடைய உரிமையிலிருந்து விடுபட வேண்டும்.

முதல் மூன்றும் எல்லாப் பாவத்துக்கும் பொது. நான்காவது, மனிதர் சம்பந்தப்பட்ட பாவங்களுக்கு மட்டும். அங்கே நான்கில் ஒன்று குறைந்தாலும் தவ்பா செல்லாது என்கிறார் நவவி.

மூன்றாவதில் பலரும் தடுமாறுகிறார்கள். உறுதி எடுத்துவிட்டு மறுபடி விழுந்தால் பழைய தவ்பா வீணா? இல்லை. தவ்பா செய்த நேரத்தில் உறுதி உண்மையானதா என்பதுதான் கேள்வி. மறுபடி செய்தது புதிய பாவம், அதற்குப் புதிய தவ்பா. அடியான் ஒருவன் பாவம் செய்து மன்னிப்புக் கேட்கிறான், மறுபடி செய்கிறான், மறுபடி கேட்கிறான், ஒவ்வொரு முறையும் மன்னிக்கப்படுகிறான் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் இருக்கிறது. 'வெள்ளிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம்' என்று மனதில் வைத்துக்கொண்டே செய்வது வேறு சங்கதி. அங்கே உறுதியே இல்லை.

தபூக்கிலிருந்து பின்தங்கிய மூவர்

குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்தின் பெயரே தவ்பா. தொடக்கத்தில் 'அல்லாஹ்வின் பெயரால்' என்ற பிஸ்மில்லாஹ் இல்லாத ஒரே அத்தியாயம் இது. இதன் 118ஆவது வசனம் மூன்று பேரைப் பற்றியது: கஅப் இப்னு மாலிக், முராரா இப்னு ரபீஉ, ஹிலால் இப்னு உமய்யா.

ஹிஜ்ரி 9, கி.பி. 630. ரோமப் பேரரசின் எல்லையை நோக்கி தபூக்குக்கு நபியின் படை கிளம்புகிறது. கடுங்கோடை, பேரீச்சம் பழங்கள் கனிந்து நிற்கும் காலம். கஅபுக்கு நோயும் இல்லை, வறுமையும் இல்லை. அதற்கு முன் எப்போதும் இருந்ததைவிட வசதியாக இருந்தேன் என்று அவரே சொல்கிறார். நாளை கிளம்பலாம், நாளை மறுநாள் கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டார். படை எட்டாத தூரம் போய்விட்டது.

நபிகள் நாயகம் மதீனா திரும்பியதும், போகாமல் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சத்தியம் செய்தார்கள். அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே ஏற்று, உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார் நபி. கஅப் கவிஞர், பேச்சுத்திறமை உள்ளவர். அவர் நினைத்திருந்தால் எல்லோரையும்விட அழகான காரணம் ஒன்றைக் கட்டியிருக்கலாம். 'எனக்கு எந்தக் காரணமும் இல்லை' என்றார்.

உண்மை சொன்னவருக்குக் கிடைத்தது ஊர்விலக்கு. மூவரோடும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. மற்ற இருவரும் வீட்டுக்குள் முடங்கி அழுதுகொண்டிருக்க, வயதில் இளையவரான கஅப் தொழுகைக்கும் கடைவீதிக்கும் போய்வந்தார். நபிக்கு சலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அவர் உதடு அசைகிறதா என்று பார்ப்பார். நெருங்கிய உறவினரான அபூ கதாதாவின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து சலாம் சொன்னார். அவரும் பதில் சொல்லவில்லை. நாற்பதாம் நாள், மனைவியரிடமிருந்தும் விலகியிருக்கச் சொல்லி ஆள் வந்தது. இடையில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து கடிதம்: உன் தலைவர் உன்னை ஒதுக்கிவிட்டாராமே, எங்களிடம் வா. அதை அடுப்பில் போட்டு எரித்தார்.

ஐம்பதாம் நாள் அதிகாலை, ஸல்உ குன்றின் மேலிருந்து ஒருவர் கத்தினார்: கஅபே, நற்செய்தி! செய்தி சொன்னவருக்குத் தன் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் உடை உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். அங்கே அவர் நபியிடம் முதலில் கேட்டது: 'இது உங்களிடமிருந்தா, அல்லாஹ்விடமிருந்தா?' 'அல்லாஹ்விடமிருந்து' என்றார் நபி.

ஐம்பது நாளும் அந்த மன்னிப்பை அறிவிக்க நபியாலும் முடியவில்லை. வசனம் இறங்கும்வரை அவரும் காத்திருந்தார். வசனத்தின் அமைப்பைப் பார்த்தால் முன்பு சொன்ன சொல் நுட்பம் இங்கே வருகிறது. பூமி அவ்வளவு விரிந்திருந்தும் அவர்களுக்கு நெருக்கமாகிவிட்டது, அல்லாஹ்வை விட்டால் போக்கிடம் இல்லை என்று உணர்ந்தார்கள், பிறகு 'அவர்கள் திரும்புவதற்காக அவன் அவர்கள் பக்கம் திரும்பினான்'. முதலில் திரும்பியது அவன்.

எல்லாமே மன்னிக்கப்படுமா?

இங்கே இரண்டு வசனங்கள் மோதுவது போலத் தெரியும். 39:53, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், அவன் பாவங்கள் அனைத்தையும் மன்னிக்கிறான் என்கிறது. 4:48, தனக்கு இணைவைப்பதை அவன் மன்னிப்பதில்லை, அதற்குக் கீழ்ப்பட்டதைத் தான் நாடியவருக்கு மன்னிக்கிறான் என்கிறது.

விளக்கவுரையாளர்கள் பொதுவாகத் தரும் பதில் இது: முதல் வசனம் தவ்பா செய்பவனைப் பற்றியது. அவனுக்கு இணைவைத்தல் உட்பட எல்லாம் மன்னிக்கப்படும்; நபித்தோழர்களில் பெரும்பாலானோர் சிலை வணக்கத்திலிருந்து வந்தவர்கள்தானே. இரண்டாவது, தவ்பா செய்யாமலே இறந்தவனைப் பற்றியது. அவன் பாவம் இணைவைத்தல் என்றால் மன்னிப்பு இல்லை. வேறு பாவம் என்றால் அல்லாஹ் விரும்பினால் மன்னிப்பான், விரும்பினால் தண்டிப்பான்.

கால எல்லை உண்டு. உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை தவ்பா ஏற்கப்படும் என்பது ஹதீஸ். மரணம் கண்ணெதிரே வந்தபின் 'இப்போது திருந்திவிட்டேன்' என்பவனுக்கு தவ்பா இல்லை என்கிறது 4:18. கடலில் மூழ்கும்போது ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டதாகச் சொன்ன எகிப்து மன்னன் ஃபிர்அவ்னுக்குக் கிடைத்த பதில், 'இப்போதா?' என்பதுதான் (10:91).

கொலையாளிக்கு? இதில் பழைய கருத்து வேறுபாடு உண்டு. வேண்டுமென்றே ஒரு முஃமினை, அதாவது இறைநம்பிக்கையாளரைக் கொன்றவனின் கூலி நரகம் என்ற 4:93ஐ வைத்து, அவனுக்கு தவ்பா இல்லை என்ற கருத்து நபித்தோழர் இப்னு அப்பாஸிடமிருந்து பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் தவ்பா உண்டு என்கிறார்கள். 99 பேரைக் கொன்றவனின் ஹதீஸ் அவர்களுக்குச் சான்று. அவன் ஒரு துறவியிடம் போய் எனக்கு வழி உண்டா என்று கேட்டான். இல்லை என்றதும் அவரையும் கொன்று நூறாக்கினான். அடுத்து ஓர் அறிஞரிடம் போனான். 'தவ்பாவைத் தடுப்பவர் யார்? இந்த ஊர் கெட்ட ஊர். நல்லவர்கள் வாழும் அந்த ஊருக்குப் போ' என்றார். பாதி வழியில் மரணம். தூரத்தை அளந்து பார்த்தபோது போகவேண்டிய ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தான்; அருளின் வானவர்கள் அவனை எடுத்துக்கொண்டார்கள். துறவி, அறிஞர் இருவரின் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்தி இருந்தும் கல்வி இல்லாதவரின் பதில் இன்னொரு உயிரைப் பறித்தது, அவர் உயிரையே.

இரண்டாவது கணக்கு: ஹக்குல் இபாத்

தொழுகையை விட்டது, நோன்பை முறித்தது போன்றவை அல்லாஹ்வின் உரிமை, ஹக்குல்லாஹ். கடன், திருட்டு, அடி, அவதூறு, கொலை ஆகியவற்றில் அடியார்களின் உரிமையும் சேர்ந்துவிடுகிறது. அதுதான் ஹக்குல் இபாத்.

'திவாலானவன் யார் தெரியுமா?' என்று நபிகள் நாயகம் தோழர்களிடம் கேட்டார். பணமும் பொருளும் இல்லாதவன் என்றார்கள். மறுமை நாளில் தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வருபவன்தான், ஆனால் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன் மேல் அவதூறு சொல்லியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவனது நன்மைகள் அவர்களுக்குப் பங்கு போகும். நன்மை தீர்ந்ததும் அவர்களின் பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும் என்றார். முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. இறைவழியில் உயிர்விட்ட ஷஹீதுக்கும் கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்ற ஹதீஸும் அதே தொகுப்பில் உண்டு.

நம் ஊர்களில் ஜனாஸா (இறந்தவருக்கான) தொழுகைக்கு முன் 'மவ்த்தானவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள்' என்று அறிவிப்பதும், ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய் 'ஏதாவது தப்பு செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள்' என்று கேட்பதும் இந்தப் பின்னணியில் வந்தவைதான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பத்து வீடு ஏறி இறங்குவது நல்லது. ஆனால் சகோதரியின் பாகத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு 'பொருந்திக்கொள்' என்று மட்டும் கேட்பதை நான்காவது நிபந்தனை ஏற்காது. அங்கே முதலில் போக வேண்டியது பத்திரம்.

நடைமுறையில் இது இப்படிப் பிரிகிறது:

1. பணம், சொத்து: உரியவரிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் அவர் சார்பில் தர்மம் செய்துவிடச் சொல்கிறார்கள் அறிஞர்கள்.
2. மானம்: புறம் பேசியதைப் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சொன்னால் இன்னும் பெரிய பகை மூளும் என்றால், சொல்லாமலே அவருக்காக துஆ செய்யவும், எந்தச் சபையில் இகழ்ந்தாரோ அதே சபையில் அவரது நல்லதைப் பேசவும் சொல்கிறார்கள் ஒரு சாரார்.
3. உடல், உயிர்: இங்கேதான் சட்டமும் நீதிமன்றமும் நுழைகின்றன.

ஒப்புக்கொள்ள வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

அல்லாஹ்வின் உரிமை மட்டும் சம்பந்தப்பட்ட பாவத்தை வெளியே சொல்வது தவ்பாவின் பகுதி அல்ல. இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் எழுந்து 'நேற்று இன்னது செய்தேன்' என்று ஊருக்குச் சொல்பவனை நபி கண்டித்திருக்கிறார். மாஇஸ் என்பவர் விபச்சாரத்தை ஒப்புக்கொள்ள வந்தபோது, நபி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி வந்தார், மறுபடி திருப்பிக்கொண்டார். நான்கு முறை சொன்ன பிறகே விசாரித்தார். அப்போதும், முத்தம் மட்டும் கொடுத்திருப்பாயோ என்று தப்பிக்க வழிவிட்டுத்தான் கேட்டார். இஸ்லாமியச் சட்டம் என்றதும் தண்டனை மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இந்தத் தயக்கத்தைக் கவனிப்பதில்லை.

நீதிமன்றத்தில் தவ்பா

குற்றவாளி மனம் திருந்தினால் தண்டனை நீங்குமா என்பது குற்றத்தின் வகையைப் பொறுத்தது. வழிப்பறி போன்ற ஆயுதக் குற்றம் செய்தவர் பிடிபடும் முன்பே திருந்தினால், அதற்கான வரையறுக்கப்பட்ட தண்டனை விலகும் என்று 5:34 சொல்கிறது. பறித்த பொருளுக்கும் பறித்த உயிருக்கும் அவர் பொறுப்பு. அது மனிதரின் உரிமை. மற்ற ஹத் குற்றங்களில் (தண்டனை வரையறுக்கப்பட்ட குற்றங்களில்) சட்ட மரபுகள் வேறுபடுகின்றன.

கொலையில் உயிருக்கு உயிர் கேட்கும் உரிமை, அதாவது கிஸாஸ், இறந்தவரின் வாரிசுகளுடையது. அவர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: தண்டனை, குருதிப் பணம் எனப்படும் தியா, அல்லது எதுவும் வாங்காத மன்னிப்பு. அரசர் நினைத்தாலும் இந்தத் தேர்வில் வாரிசுகளை மீற முடியாது. இதைச் சொல்லும் 2:178, கொலையாளிக்கு மன்னிப்புத் தரும் வாரிசை 'அவனுடைய சகோதரன்' என்று அழைக்கிறது. பெரும்பாலான சட்ட மரபுகளில் வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலே மரண தண்டனை நீங்கிவிடும்.

மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இலங்கை மூதூரிலிருந்து சவூதிக்கு வேலைக்குப் போன பணிப்பெண்ணின் வழக்கை நினைவிருக்கும். 2005இல் அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். இலங்கை அரசு மன்றாடியும் குழந்தையின் குடும்பம் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேறியது. சம்பவம் நடந்தபோது அவர் சிறுமி என்பதும், கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது என்பதும், தொடக்க விசாரணையில் வழக்கறிஞர் இல்லை என்பதும் வேறு கேள்விகள். வாரிசின் மன்னிப்பு என்பது குற்றம் சரியாக நிரூபிக்கப்பட்ட பிறகு வரும் கட்டம். விசாரணையின் ஓட்டையை அதை வைத்து அடைக்க முடியாது.

எதிர்த் திசையிலும் இது கோணலாகப் போவதுண்டு. கொலையாளியும் வாரிசும் ஒரே குடும்பமாக இருந்தால்? பாகிஸ்தானில் 'கௌரவ'க் கொலைகளில் மகளைக் கொன்ற மகனைப் பெற்றோரே மன்னித்து விடுவிப்பது வழக்கமாகிப்போனது. 2016 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் கந்தீல் பலோச் தன் சகோதரனால் கொல்லப்பட்டதை அடுத்து, அந்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்றாக்கியது. வாரிசு மன்னித்த பிறகும் அரசு தன் பங்குக்குத் தண்டிக்கலாம் என்பது புதுக் கருத்து அல்ல. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான மாலிகியில் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது.

இனி, தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது சந்தேகம். 1350இல் மறைந்த அறிஞர் இப்னுல் கய்யிம் கொலையில் மூன்று உரிமைகள் இருப்பதாகப் பிரித்தார். அல்லாஹ்வின் உரிமை தவ்பாவால் தீரும். வாரிசின் உரிமை தண்டனையாலோ தியாவாலோ மன்னிப்பாலோ தீரும். மூன்றாவது, கொல்லப்பட்டவரின் உரிமை. அவரிடம் போய்க் கேட்க இங்கே வழியில்லை. கொலையாளியின் தவ்பா உண்மையானதாக இருந்தால், மறுமையில் அல்லாஹ்வே கொல்லப்பட்டவருக்கு ஈடு கொடுத்து இருவருக்கும் இடையே சமாதானம் செய்துவைப்பான் என்கிறார் அவர். ஆக, தியா வாங்கிக்கொண்ட குடும்பம் விட்டுக்கொடுப்பது தன் பங்கை மட்டும்.

மன்னிக்கும்படி பாதிக்கப்பட்டவரைக் குர்ஆன் வற்புறுத்துகிறதா? நபித்தோழர் அபூபக்ர் (ரலி) விஷயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அவருடைய மகள் ஆயிஷாவின் மேல் அவதூறு கிளம்பியபோது அதைப் பரப்பியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். அபூபக்ரின் ஏழை உறவினர், அவர் கொடுக்கும் பணத்தில் வாழ்ந்தவர். இனி இவனுக்கு ஒரு காசு தர மாட்டேன் என்று சத்தியம் செய்தார் அபூபக்ர். 24:22 இறங்கியது. உதவியை நிறுத்துவதாகச் சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்து விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த வசனம் ஒரு கேள்வியையும் கேட்டது: அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா? 'விரும்புகிறேன்' என்றார் அபூபக்ர். மிஸ்தஹுக்கு நின்றுபோன பணம் மறுபடி போகத் தொடங்கியது.